இடம் போதவில்லை

சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த முணுமுணுப்புப் பாட்டு ஒரு சொல்லின் நடுவில் நின்றது.

பாட்டு முடிந்து நின்றிருந்தால் பரவாயில்லை, வரி முடிந்து நின்றிருந்தாலும் சரிதான் என்று விட்டுவிடலாம். இது அப்படியில்லை. சொல்லின் முதல் பாதி காதில் விழுந்தது, மறுபாதி வரவேயில்லை. குழாய்த் தண்ணீர் மட்டும் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. பிற்பகல் மூன்று மணிதான் என்றாலும் வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்ததில் அறைக்குள் விளக்கேற்றும் பொழுதைப் போல மங்கிக் கிடந்தது. மேஜைக்கு அடியில் பழைய கம்ப்யூட்டர் சூடான தூசி நாற்றத்தோடு இரைந்துகொண்டிருந்தது. சிஸ்டம் சார் மவுஸிலிருந்து கையை எடுக்காமல் ஒரு கணம் காது கொடுத்தார். பிறகு, "அப்பாடா, ஓஞ்சுது சனியன்" என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

சிஸ்டம் சார் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். மரியாதையாக வைத்தார்கள் என்று நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான். பதிவறைக் கண்காணிப்பாளர். யாருடைய கம்ப்யூட்டர் நின்றாலும் கூப்பிடாமலே போய் நிற்பார், பத்து நிமிடத்தில் முடிய வேண்டியதற்கு ஒரு மணி நேரம் உபதேசம் செய்வார். "பேக்கப் எடுக்காதவன்லாம் ஒரு மனுஷனா?" என்பார். அவர் கணக்கில் மனுஷர்கள் மிகவும் குறைவு. தட்டச்சு செய்கிறவர்கள் மூளையில்லாதவர்கள், மேலதிகாரி தடிமாடு, பக்கத்து வீட்டுக்காரர் அரைகுறை. வீட்டில் இருக்கிறவளைப் பற்றிக் கருத்து வைத்துக்கொள்ளும் அளவுக்குக்கூட அவர் யோசித்ததில்லை.

இன்று வீட்டுக் கம்ப்யூட்டருக்கு விசேஷ நாள். பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஆயுசு முடிந்துவிட்டது. அதைத் துடைத்தெறிந்துவிட்டுப் புதியது போட வேண்டும். துடைத்தால் உள்ளே இருக்கிற அத்தனையும் போய்விடும். ஆகவே முதலில் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் இதைப் பாடமாக நடத்தியபோது, அவர் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, என் ஃபோல்டரையும் மறக்காம எடுத்து வச்சிடுறீங்களா?"

"அதுல என்ன வெங்காயம் இருக்கு?"

"எதுவோ இருக்குங்க. நான்னு ஒருத்தி இருக்கறதே அதுக்குள்ளதான்."

"சரி சரி, ஆரம்பிக்காதே" என்றார் அவர்.

அவள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் எடுத்துவைப்பார் என்று நம்பிவிட்டாள். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகும் நம்பினாள் என்றால் என்ன சொல்வது.

மதியம் வேலை ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்தில் திரையில் கட்டம் ஒன்று குதித்தது. இடம் போதவில்லை. வெளி ஹார்ட் டிஸ்க் சிறியது, உள்ளே இருப்பது பெரியது. எதையாவது கழித்தாக வேண்டும். தன்னுடையதை முதலில் பார்த்தார். பணியில் சேர்ந்த நாளிலிருந்து வந்த சுற்றறிக்கைகள், ஒவ்வொன்றும் மூன்று பிரதி. குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் எழுதிய எழுபத்தெட்டுப் புகார் கடிதங்கள். என்றைக்கும் திறக்காத மென்பொருள்கள் இருநூறு. நாலாயிரம் படங்கள், எல்லாவற்றிலும் நடுநாயகமாக அவரே. இதில் எதை விடுவது? ஒன்றையும் விட முடியாது. அப்புறம்தான் அவளுடைய ஃபோல்டரைத் திறந்தார். உள்ளே மூன்று இருந்தன. குரல். எழுத்து. படம்.

குரலில் அவள் பாடியவை, பேசியவை, மகள் குழந்தையாக இருந்தபோது தாயும் மகளும் மழலையில் அடித்த கூத்து. பத்து வினாடி கேட்டார். இந்தக் குரலை வைத்துக்கொண்டு இவளுக்கு ரெக்கார்டிங் ஒரு கேடா! ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலிட்டைத் தட்டினார். அழித்ததை முதலில் குப்பைத்தொட்டியில் போட்டுவைப்பது தன்மேல் நம்பிக்கையில்லாதவர்கள் பழக்கம் என்பது அவர் கொள்கை. அவர் அழித்தால் அழித்ததுதான். நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்றார்.

அந்த ஆமாமில்தான் சமையலறைப் பாட்டு நின்றது.

கொஞ்ச நேரத்தில் நிலைப்படியில் நிழல் விழுந்தது. காபி வாசனை வந்தது. கோப்பையை ஓசைப்படாமல் வைக்கிறவள், இன்று பாதி தளும்பித் தட்டில் கொட்டும்படி டக்கென்று வைத்தாள். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஓரக்கண்ணில் தெரிந்த மட்டும் தெரிந்தது: அவள் ஒரு கை தொண்டையைப் பிடித்திருந்தது. வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. சத்தம் இல்லை. காற்று வந்த சத்தம்கூட இல்லை.

"என்ன? சொல்றதை வாயைத் திறந்து சொல்லேன். மீன் மாதிரி நின்னா?"

வாய் இன்னும் வேகமாகத் திறந்து மூடியது.

"வேலை பண்றேன்ல? தொண்டை கட்டியிருந்தா வெந்நீர் குடி. போ."

அவள் போனாள். உள்ளே மேஜை இழுப்பறையை இழுக்கும் சத்தம், எதையோ தேடிக் கலைக்கும் சத்தம், ஒரு டப்பா உருண்டு விழும் சத்தம். சிஸ்டம் சாருக்கு முதுகில் லேசாக எறும்பு ஊர்வது போல இருந்தது. அது ஏன் என்று அவர் யோசிக்கவில்லை, மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்தார். திரும்பி வந்தவள் பழைய கடித உறை ஒன்றை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். பின்பக்கம் முழுக்கக் கிறுக்கலாக எழுதியிருந்தது. பேனாவை அழுத்திய அழுத்தில் காகிதம் ஓரிடத்தில் கிழிந்தேயிருந்தது. அவள் விரல் அதைத் தட்டித் தட்டிக் காட்டியது. அவர் காபிக் கோப்பையைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.

"எழுதிக் காட்டுற அளவுக்குக் கோபமா? நல்லாயிருக்கு நாடகம்."

அடுத்தது எழுத்து. அது மொத்தமும் சேர்ந்து ஒரு படத்தின் அளவுகூட இல்லை. அதை அழித்தால் மிச்சமாகிற இடம் ஒன்றுமில்லை என்பது அவருக்கே தெரியும். இருந்தாலும் ஒன்றைத் திறந்தார். தினம் இரண்டு வரி, மூன்று வரி. 'இன்று மேகம் இல்லை. அவர் பேசவில்லை.' இன்னொன்று: 'இன்று அவர் என்னிடம் பேசினார். சட்டைப் பொத்தான் எங்கே என்று கேட்டார்.' இப்படிப் பதினோரு வருடம். அவருக்குக் காது சூடானது. வேலைவெட்டி இல்லாதவள், உட்கார்ந்த இடத்தில் புருஷன்மேல் புகார்ப் பட்டியல் எழுதியிருக்கிறாள்! எழுபத்தெட்டுப் புகார் எழுதிய மகானுக்கு அது பொறுக்கவில்லை. ஷிஃப்ட். டெலிட். ஆமாம்.

கடித உறையை அவர் பார்க்கவில்லை.

படம்தான் பெரியது. மொட்டைமாடியிலிருந்து எடுத்த மேகங்கள், ஆயிரக்கணக்கில். மேகத்தைப் படம் பிடித்து வைக்கிற ஜன்மத்தை எங்கே போய்த் தேடுவது! அப்புறம் அவள் பிறந்த வீட்டு ஆட்கள். அவள் அம்மா, அக்கா. பள்ளிச் சீருடையில் அவள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள். கண்ணாடி முன்னால் தன்னைத் தானே எடுத்துக்கொண்ட அவள், யாரும் எடுக்காததால். அவர் எல்லாவற்றையும் ஒரு சேர வளைத்தார். நிரந்தரமாக அழிக்கவா?

அவர் வலது தோளில் ஒரு கை விழுந்தது.

குழாய்த் தண்ணீரின் ஈரத்தோடு வந்த கை. சட்டையைத் தாண்டிச் சில்லிட்டது. அவள் இப்படித் தொட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று அவருக்கு ஞாபகமில்லை. கை இறுக்கியது. விரல் நகம் எலும்பில் பதிந்தது. மங்கிய திரைக் கண்ணாடியில் அவர் முகத்துக்குப் பின்னால் இன்னொரு முகம் தெரிந்தது. அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. வேண்டாம், வேண்டாம் என்று.

"தோளை விடு. பிள்ளை மாதிரி என்ன இது? எல்லாம் வேணும்னா எங்க வைக்கிறது?"

ஆமாம் என்று தட்டினார்.

கையை எடுத்தால் எடுத்தது தெரியும். விரல் தளரும், துணி உரசும். இங்கே அப்படி எதுவும் இல்லை. இருந்த பாரம் இல்லாமல் போயிற்று. அவ்வளவுதான். கண்ணாடியில் அவர் முகம் மட்டும் இருந்தது.

கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று முடிவு கட்டினார். போகட்டும், சோற்று நேரத்துக்கு வந்துதானே ஆக வேண்டும். இப்போது இடம் போதுமானதாயிற்று. நகலெடுப்பு தடங்கலில்லாமல் முடிந்தது. பென் டிரைவைச் செருகிப் பழையதை ஃபார்மேட் செய்து புதியதைப் போட ஆரம்பித்தார். ஒரு விழுக்காடு, இரண்டு விழுக்காடு என்று ஏறத் தொடங்கியது. இனி கைகட்டிப் பார்க்க வேண்டியதுதான். ஆறிய காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். கோப்பையை வைக்கும்போதுதான் கடித உறை கண்ணில் பட்டது.

வெள்ளையாக இருந்தது.

திருப்பிப் பார்த்தார். மறுபக்கம் அவர் பெயரும் முகவரியும் அச்சில் இருந்தன. இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. ஆனால் காகிதம் அதே இடத்தில் கிழிந்திருந்தது. விரலால் தடவினார். பேனா அழுத்திய பள்ளங்கள் இருக்க வேண்டுமே? வழவழவென்றிருந்தது.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. குழாய்த் தண்ணீர் சத்தம் இல்லை.

"ஏய்."

சமையலறைப் பக்கம் திரும்பி இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார்.

"ஏய், எங்க இருக்கே?"

எழுந்து சமையலறைக்குப் போனார். சோப்பு வாசனையும் தாளித்த வாசனையும் எப்போதும் கலந்து கிடக்கிற இடம் இன்று பூட்டிக் கிடந்த அறையைப் போலக் காரை நாற்றமடித்தது. தொட்டி உலர்ந்திருந்தது. குழாயின் வாயில் விரலை விட்டுப் பார்த்தார், ஒரு சொட்டு ஈரமில்லை. அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக நின்றன; ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த சீட்டு வெறுமையாக இருந்தது. மாடத்தில் ஒரு தட்டு, ஒரு கிண்ணம், ஒரு கரண்டி. படுக்கையறைக்கு ஓடினார். ஒரு தலையணை. துணி அலமாரியைத் திறந்தார். முழுக்க அவர் சட்டைகள், ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் இடைவெளியில்லாமல். வாசலில் ஒரு ஜோடி செருப்பு. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தார்.

பெயர் வரவில்லை.

ஏய், இந்தா, இங்க பாரு, உன்னைத்தான். இருபத்தாறு வருடமும் இதிலேயே ஓடிவிட்டது. பெயர் என்று ஒன்று இருந்தது, கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்திருந்தார்கள். அவர் பெயருக்குக் கீழே, இரண்டாவது வரியில். அந்த இரண்டாவது வரியை எவ்வளவு முயன்றும் படிக்க முடியவில்லை. முகமாவது? நெற்றி எப்படி இருக்கும்? கண்? நினைவில் துழாவினார். கதவோரம் ஒரு புடவைத் தலைப்பு, கோப்பை வைக்கிற ஒரு கை, அதற்கு மேலே ஒன்றுமில்லை. பார்த்திருந்தால்தானே இருக்கும்.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டார். விரல் மூன்று முறை தவறியது.

"அம்மா உன்கிட்ட ஏதாவது பேசினாளா? சொல்லிட்டு எங்கயாவது போனாளா?"

"யாருப்பா?"

"அம்மாதான். உங்கம்மா."

மகள் மெதுவாக, பயந்த குரலில் கேட்டாள்.

"அப்பா, உடம்பு சரியில்லையா? எப்பவும் நீங்களும் நானும் மட்டும்தானேப்பா?"

"விளையாடாதே! உன்னை இடுப்பை விட்டு இறக்காம வளர்த்தாளே…"

"அப்பா, தண்ணி குடிங்க. உட்காருங்க. நான் வேணா நாளைக்கு வர்றேன்."

போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரிடம் ஓடினார். முப்பத்தெட்டு விழுக்காடு. நிறுத்த வேண்டும். நிறுத்தி என்ன பயன்? அவருக்கே தெரியும். போன வருடம் அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண்ணொருத்தி, இறந்துபோன தம்பியின் படங்களைத் தவறிப்போய் அழித்துவிட்டு அழுதுகொண்டு வந்து நின்றாள். அவளுக்கு அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பத்துப் பேர் கேட்க, ரசித்து ரசித்துச் சொன்னார்: அழிச்ச இடத்து மேல புதுசா எழுதிட்டா, அப்புறம் ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாதும்மா. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ணி என்ன பிரயோஜனம்? அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். இவர் அன்றைக்குச் சந்தோஷமாகச் சாப்பிட்டார்.

மின்கம்பியைப் பிடுங்கவும் கை வரவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் மனம் வரவில்லை. ஐம்பது. எழுபது. தொண்ணூறு. மழை வந்தது, வந்து பெய்து ஓய்ந்தது. புதிய திரை எழுந்து நல்வரவு என்றது. பளபளவென்று, துடைத்துவிட்ட தரை போல.

அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அழித்தது போனது என்றால், வைத்தது வர வேண்டும். வெளி ஹார்ட் டிஸ்கில் எங்கேயாவது, ஏதாவது ஒரு மூலையில், அவள் இருந்தாக வேண்டும். நாலாயிரம் படத்தில் ஒன்றிலாவது. செருகினார். ஒவ்வொன்றாகத் திறந்தார். அலுவலக வாசலில் அவர். மலை முன்னால் அவர். புதுச் சட்டையில் அவர். மகளின் பட்டமளிப்பில் மகளை மறைத்துக்கொண்டு அவர். அவர், அவர், அவர். இதையெல்லாம் எடுத்தவள் அவள்தான். எடுத்தவள் எந்தப் படத்தில் விழுவாள்?

"ஒண்ணு போதும்" என்று வாய்விட்டுக் கெஞ்சினார். "ஒண்ணே ஒண்ணு."

மூவாயிரத்துச் சொச்சத்தில் கிடைத்தது. சிறந்த பணியாளர் விருது விழா. வேறு யாரோ எடுத்தது. நடுவில் அவர் கேடயத்தோடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். இடது ஓரத்தில் ஒரு பெண். ஒரு தோள், ஒரு கை, கையில் அவருடைய பை. முகத்தில் பாதி. இமைக்கும் நேரத்தில் எடுத்ததால் கண் மூடியிருந்தது. மீதி படத்தில் இல்லை. தான் நடுவில் வர வேண்டும் என்று அந்த ஓரத்தை நறுக்கியவர் அவரேதான்.

அந்தப் படத்தை இழுத்துக் கம்ப்யூட்டரில் போட்டார். நகல் ஏறியது.

சமையலறையில் ஏதோ தரையில் ஊன்றியது.

ஒரு காலடி.

இழுபட்டு, இன்னொன்று. அதே கால். மறுகால் சத்தம் இல்லை.

"வந்துட்டியா?" என்றார். நாற்காலியோடு கதவுப் பக்கம் திரும்பினார்.

காலடி நடையைத் தாண்டியது. வாசனை எதுவும் வரவில்லை. மூச்சுச் சத்தம் இல்லை. கதவோரம் முதலில் பை தெரிந்தது. பையைப் பிடித்த கை. அந்த விழா அன்றைக்குக் கட்டிய புடவை. தோள். கழுத்து. கன்னம்.

அதற்கப்புறம் இல்லை.

நெற்றியிலிருந்து பாதம் வரை நேர்க்கோடு. கத்தரித்த மாதிரி. ரத்தம் இல்லை, சதை இல்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் நடைச் சுவர் தெரிந்தது. கிட்டே வர வர முகம் தெளியவில்லை. சிறு சிறு கட்டமாகக் கலங்கியது, பெரிதாக்கிய படம் போல.

வந்து, படத்தில் நின்றது போலவே அவருடைய பக்கத்தில் நின்றது. அங்கே நின்று பையைப் பிடித்துக்கொண்டது. அரை வாய் எதையோ சொல்ல இழுபட்டது.

மூடியிருந்த அந்த ஒற்றைக் கண்ணின் இமை துடித்தது. திறக்கப் பார்த்தது. விடாமல் துடித்தது. உள்ளே கண் அசைவது தெரிந்தது, இங்கும் அங்கும், எங்கே இருக்கிறோம் என்று தேடுவது போல. இமை திறக்கவில்லை.